முதியோரும் அமெரிக்க மருத்துவக் காப்புறுதியும்



ஐக்கிய அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளிடம் குடியேறச் செல்லும் பெற்றோர் நம்மிடையே உளர். அரசினர் வைத்தியசாலையிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றுப் பழகிய அவர்கள், அந்நாட்டு நடைமுறையை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

அங்கே முதியோர்க்கான அரசாங்கக் காப்புறுதி ‘மெடிகெயர்’ எனப்படும். 1965 ஆம் ஆண்டு ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்ட சட்டத்தால் அமைந்தது. 65 வயது நிரம்பினோர்க்கு உரியதாயினும், வயது மட்டும் போதாது. தாமோ வாழ்க்கைத் துணைவரோ பத்தாண்டுகள் அங்கு உழைத்து வரி செலுத்தியிருப்பின், வைத்தியசாலைப் பகுதிக்கு மாதக் கட்டணம் இல்லை. பிள்ளை எவ்வளவு வரி செலுத்தினும் அது பொதுவாகப் பெற்றோர் கணக்கிற் சேராது. அவ்வுழைப்பு இல்லாத புதியவர், நிரந்தர வதிவுரிமையுடன் ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்த பின்னரே பணம் செலுத்திச் சேரலாம். அதுவரை வேறு காப்புறுதியையே நாடவேண்டும்.

வைத்தியர் சேவைக்கான பகுதிக்கு 2025 இல் வழக்கமான மாதக் கட்டணம் 185 டொலர். அதன் மேலும், செலவில் ஐந்திலொரு பங்கு பெரும்பாலும் நோயாளியைச் சாரும். பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி ஆகியன பொதுவாக இதில் அடங்கா. முதுமையில் முதலில் வேண்டப்படுவன இவையே அன்றோ!

சேர்வதற்கு உள்ள அவகாசம் ஏழு மாதம்: தகுதி பெறும் மாதமும், அதற்கு முன் மூன்றும், பின் மூன்றும். தொழில்வழிக் காப்புறுதி இல்லாதவர் அதைத் தவறவிட்டால், தாமதித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் வைத்தியர் பகுதிக் கட்டணம் நூற்றுக்குப் பத்து வீதம் கூடும். அக்கூடுதல் பெரும்பாலும் ஆயுள்வரை தொடரும். ஆகவே, குடியேறிய திகதியைக் குறித்துவைத்து, ஐந்தாண்டு நிறையும் மாதம் எதுவெனப் பிள்ளைகளிடம் இப்பொழுதே கணக்கிடச் சொல்லுங்கள்.