நம்மைப் பற்றிய அட்டை

சுவிட்சர்லாந்தின் ஓர்லிகோன் ரயில் நிலையத்தில் காலை ரயிலுக்குக் காத்திருப்போரும் சற்றே செவிசாய்க்க வேண்டுகிறேன். சுவிட்சர்லாந்தின் சமஷ்டிப் போலீசார், பல்லாண்டுகளாக, குற்றமேதும் செய்யாத ஜனங்களைப் பற்றியும் அந்நிய தேசத்தாரைப் பற்றியும் சுமார் 9 லட்சம் அட்டைகளில் இரகசியமாக எழுதிவந்ததை, 1989ஆம் ஆண்டில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவொன்று அம்பலப்படுத்திற்று. மளிகைக் கடைக்காரர் நம் பெயரில் எழுதும் பற்றுக்கணக்கை நாம் பார்க்கக் கூடாதா? அவ்விதமே, லட்சக்கணக்கானோர் தம் அட்டையைக் காட்டும்படி கேட்டார்கள். கேட்டதனால் பிரதிகள் கிடைத்தன. தகவல் தந்தவர்களின் பெயர்கள் மட்டும் மையால் மறைக்கப்பட்டிருந்தன. அந்த மறைப்பு எனக்கு இன்றும் வேதனையே. 1993இல், தம்மைப் பற்றிய பதிவைக் கேட்கும் உரிமையைத் தரும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆகவே, இங்கு வசிக்கும் நம் தமிழரும், அலுவலகத்திடமாயினும் கம்பெனியிடமாயினும், தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறதெனக் கேட்கலாம். எழுதியே கேட்கலாம்.