வாரம் ஒருநாள் ஒரே பந்தி

பால்வெட்டுத் தோழர்களே, கிராணிமார்களே, தாய்மார்களே!

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், நம்மவர் சோற்றை அரசாங்கமே அளந்தது. பேராவின் பல பகுதிகளில் அரிசிக்குப் பங்கீடு; வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை; சில இடங்களில் பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோறுதான்.

இன்று தடுப்பார் யாருமில்லை. ஆயினும் பிள்ளைகள் ஈப்போவில், பெற்றோர் தோட்டத்தில். கூடி உண்பது தீபாவளிக்குத்தான்!

ஆகவே, சங்கக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதுபோல் வாரத்தில் ஓர் இரவைக் குறிப்போம். விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர்களுக்காக 7 மணிக்கே இலை போடுவோம். என்ன கறி என்று முன்கூட்டியே பேசுவோம். செலவைச் சம்பாதிப்போர் பகிர்வோம். அரிவாள்மனையை ஆண்களும் எடுப்போம். சமைத்தவளும் உடன் உட்காரட்டும், அதுவே சமபந்தி!