குழாயின் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள்

திருவனந்தபுரம் நகருக்கு 1933-ஆம் ஆண்டு குழாய்த் தண்ணீர் வந்தது. கரமனை ஆற்றில், அருவிக்கரையில் எடுத்த தண்ணீர் அது. இன்றும் நகரில் பலர் அருவிக்கரைத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். சுத்தம் செய்து அனுப்பிய தண்ணீர் நம் வீட்டுக் குழாயில் கெடலாமா?

குளிர் நாடுகளில் வீட்டுக்கு வெளியே ஓடும் குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். உறையும் தண்ணீர் நூற்றுக்குச் சுமார் 9 பங்கு பெருக்கும். குழாய் வெடிக்கும். நமக்கு அந்தப் பயம் இல்லை. நமக்குப் பகை இரண்டு. ஒன்று துரு. மற்றொன்று வெயில்.

முன்பு வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் போட்டார்கள். அது உறுதியானது. ஆனால் கேரளத்தில் வெட்டுக்கல் பூமியில் உள்ள பல கிணறுகளின் நீரில் அமிலத் தன்மை உண்டு. அது பூச்சை அரிக்கும். பிறகு துருப் பிடிக்கும்.

பி.வி.சி. குழாய் துருப் பிடிக்காது. விலையும் குறைவு. ஆனால் பல ஆண்டு வெயில் பட்டால் நொறுங்கும். அதைச் சுவருக்குள்ளோ மண்ணுக்குள்ளோ பதிக்க வேண்டும். மாடியில் வெளியே தெரிந்தால் வெள்ளைப் பெயின்ட் அடிக்க வேண்டும். சுடுநீருக்கு அது ஆகாது. சுடுநீருக்கு சி.பி.வி.சி. குழாய் வேண்டும். துணி துவைக்கும் இடத்துக்கும் தோட்டத்துக்கும் பச்சைத் தண்ணீர்தானே? பி.வி.சி. போதும்.

கடையில் எல்லாக் குழாயும் ஒன்றுபோல் தெரியும். எப்படிக் கண்டுபிடிப்பது? குழாயின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எண்ணும் அச்சிட்டிருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண் நமக்குத் தெரியும்.

4985 – குடிநீர் பி.வி.சி. குழாய்.
15778 – சி.பி.வி.சி. குழாய்.
13592 – கழிவுநீர்க் குழாய். இதில் குடிநீர் விடக் கூடாது.

மின்கம்பி போடும் குழாயையும் குடிநீருக்கு வாங்கக் கூடாது. விலை குறைவு என்று முத்திரை இல்லாத குழாயை வாங்கினால் அதில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பி.வி.சி. குழாயில் ஈயத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-இல் விதிகள் கொண்டுவந்தது.

குழாய் சுவருக்குள் போனபின் எண்ணைப் பார்க்க முடியாது. மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே குழாயைத் திருப்பிப் பாருங்கள். எண்ணைப் படியுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.