சிறுகுறிஞ்சானும் சர்க்கரை நோயும்



இந்த அரங்குக்குள் வரும்போது உங்கள் கையில் இரண்டு சிறுகுறிஞ்சான் இலையும் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையும் கொடுத்திருப்பார்கள். இலையை இப்போது மெல்லுங்கள். கசக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கழித்துச் சர்க்கரையை நாக்கில் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொள்ளவும். மணலை மெல்லுகிற மாதிரி இருக்கிறதல்லவா? நறநறக்கிறது, கரைகிறது, இனிப்பை மட்டும் காணோம். முன்வரிசையில் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்க்கிறார். சர்க்கரைதான் ஐயா!

இந்த வித்தையைச் செய்யும் பொருளை 1887-இல் பிரித்தெடுத்தவர் டேவிட் ஹூப்பர். சிங்கோனாப் பட்டையிலுள்ள கொய்னாவை ஆராய்வதற்காக அரசாங்கம் உதகமண்டலத்தில் அமர்த்தியிருந்த வேதியியலர் அவர். அவர் கண்ட ஜிம்னீமிக் அமிலம் ஒரே பொருளல்ல, ஒரு குடும்பம் என்பது பிறகு தெரிந்தது. இந்த அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அவற்றை அடைத்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், எலியின் நாக்கில் இது எடுபடுவதில்லை. எலியை வைத்து மட்டும் சோதித்திருந்தால் இந்த அமிலத்தின் வித்தை தெரியாமலே போயிருக்கும்.

இந்த இலைக்கு நம் ஊரில் வழங்கும் சர்க்கரைக்கொல்லி என்ற இன்னொரு பெயரில்தான் வம்பு இருக்கிறது. நாக்கில் இனிப்பைக் கொல்வது வேறு, இரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது வேறு. இரண்டாவதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வழக்கமான மாத்திரையோடு இந்த இலைச்சாற்றுப் பொடியை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் வரை 22 பேருக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது. ஐந்து பேர் பழைய மாத்திரையையே விட முடிந்தது. கேட்கவே இனிக்கிறது. ஆனால் 22 பேர்தான். யாருக்குப் பொடி, யாருக்கு வெறும் மாவு என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி நடத்திய ஆய்வும் அல்ல.

பக்கத்தில் இன்னொரு செடியை வைத்துப் பார்ப்போம். ஐரோப்பாவில் கலீகா என்று ஒன்று உண்டு. நாட்டு மருத்துவத்தில் வெகுநாள் புழங்கியது. ஆடு மேய்ந்தால் நஞ்சு. அதில் குவானிடின் வகைப் பொருள் இருக்கிறது. குவானிடின் சர்க்கரையைக் குறைக்கும் என்று 1918-இல் விலங்குகளில் கண்டார்கள். செடியிலிருந்த சரக்கை அப்படியே கொடுத்தால் நச்சுத்தன்மை கூடவே வந்தது. 1922-இல் அதே இனத்தில் மெட்ஃபார்மினைச் செயற்கையாகச் செய்தார்கள், செய்துவிட்டு மறந்தார்கள். 1957-இல் பாரிசில் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அவர் இட்ட பெயர் குளுக்கோஃபேஜ், அதாவது சர்க்கரைத்தின்னி. நம் ஊர்ப் பெயருக்குத் தம்பி மாதிரி இருக்கிறது! இந்த அரங்கில் பாதிப் பேர் சட்டைப்பையில் இன்று இருப்பது அந்த மாத்திரைதான்.

ஆப்பிள் மரப்பட்டையில் 1835-இல் கண்ட புளோரிசினுக்கும் இதே கதைதான். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றியது, வாய்வழி கொடுத்தால் குடலில் நிற்கவில்லை. அதன் வடிவத்தைத் திருத்தியதில் கிளைத்தவைதான் இன்றைய கிளிஃப்ளோசின் மாத்திரைகள். இடையில் போனது ஒன்றே முக்கால் நூற்றாண்டு.

சர்க்கரை நோய்க்குக் கலீகா இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி இன்று மருத்துவர்கள் சொல்வதில்லை. அதன் அளவும் நஞ்சும் அளக்கப்பட்டன, அதனால்தான் மருந்து வந்தது. சிறுகுறிஞ்சானுக்கு நாம் பாராட்டு விழாக்கள் எடுத்தோம். கடையில் வாங்கும் பொடியில் ஜிம்னீமிக் அமிலம் எவ்வளவு என்று பொட்டலத்தைப் பாருங்கள். பெரும்பாலும் எண் இருக்காது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்லாமல் இதையும் சேர்த்தால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் போடவும் வாய்ப்புண்டு.

கூட்டம் முடிந்ததும் வெளியே காப்பி வைத்திருக்கிறார்கள். இலையைத் தாமதமாக மென்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக் குடியுங்கள். இப்போது எத்தனை கரண்டி சர்க்கரை போட்டாலும் கசக்கத்தான் செய்யும்.