பழைய உத்திரத்தில் ஒரு தச்சு மேசை



உத்திரமேரூர் வட்டாரத்தில், திருப்புலிவனம் போன்ற ஊர்களில், ஓட்டு வீடுகளைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடுகள் கட்டுகிறார்கள். ஓடு இறங்கியதும் உத்திரம், கைமரம், நிலை, தூண் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். தேக்கு என்றால் பழைய மரக்கடைக்காரர் விலை பேசி எடுத்துக்கொள்வார். வேம்பும் பூவரசும் பல நேரம் விறகுக்குத்தான் போகின்றன. அடுப்புக்குப் போகும் அந்த மரத்தில் நம் கையாலேயே ஒரு தச்சு மேசை செய்துகொள்ளலாம். அந்தக் கைவேலையின் அருமையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் தச்சர்கள் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்தே வேலை செய்தவர்கள். பலகையைக் காலால் மிதித்து, கட்டைவிரலால் அணைத்துக்கொண்டு உளி பிடிப்பார்கள். அந்தத் தேர்ச்சி சிறு வயதிலிருந்து பழகினால்தான் வரும். நாற்பது வயதில் மரவேலை கற்க ஆசைப்படுகிறவருக்கும், முழங்கால் வலி உள்ளவருக்கும் மேசைதான் துணை.

தச்சு மேசைக்கு மூன்று குணங்கள் வேண்டும். இழைப்புளியைத் தள்ளும்போது நகரக் கூடாது. மேல்பலகை முறுக்கிக்கொள்ளாமல் மட்டமாக இருக்க வேண்டும். மரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பளபளப்பும் விலையும் கணக்கில் வராது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், வீடு பிரித்த மரம் கடையில் வாங்கும் பச்சை மரத்தைவிட மேல். கூரைக்கடியில் பல்லாண்டு காய்ந்த உத்திரம், சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி, வளைய வேண்டிய அளவுக்கு வளைந்து முடித்திருக்கும். கனமும் உண்டு. கணக்குக்குத் தேக்கையே எடுத்துக்கொள்வோம்: ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ. ஆறடி நீளமும் இருபது அங்குல அகலமும் மூன்று அங்குலக் கனமும் உள்ள பலகை, நாலுக்கு நாலு அங்குலக் கால்கள், குறுக்குச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்தால் நாலரை கன அடி வரும். அதாவது ஏறக்குறைய 80 கிலோ. எவ்வளவு வேகமாக இழைத்தாலும் அது அசையாது.

மரம் பொறுக்குவதில் நிதானம் வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் உள்ளே நல்ல மரம். பொத்தென்றால் கரையான் குடைந்திருக்கும். அடுத்து ஆணி. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மரத்தின் மேல் மெல்ல நகர்த்தினால், புகைக்கரிக்குள் மறைந்திருக்கும் ஆணி காந்தத்தை இழுக்கும். ஒரே ஒரு ஆணித் துண்டு போதும், இழைப்புளித் தகட்டின் வாய் பொக்கையாகிவிடும். பெயின்ட் அடித்த மரமானால், அதில் ஈயம் இருக்கலாம். சுரண்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பனங்கையை மேல்பலகைக்கு எடுக்க வேண்டாம். அதன் நார் இழைப்புக்குப் படியாது.

உத்திரம் கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் சுமந்து வரும் பைன் மரப் பெட்டிகளும் பேலட்டுகளும் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியை ஒழித்தது. எம்.பி. (MB) என்றிருந்தால், மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

கனத்த உத்திரத்துக்கும் மெல்லிய பைனுக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. பிரான்சில் தச்சராகவே வாழ்ந்த ஆந்த்ரே ரூபோ 1769 முதல் வெளியிட்ட தம் தச்சுநூலில், ஒரே கனத்த பலகையும் அதைத் துளைத்து மேலே வரும் பருத்த கால்களும் கொண்ட மேசையை வரைந்து காட்டினார். நம் உத்திரத்துக்கு ஏற்றது அது. பீட்டர் நிக்கல்சன் 1812-இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இருப்பது வேறு மாதிரி. மேல்பலகை மெல்லியது, முன்பக்கம் அகலமான பலகை ஒன்று செங்குத்தாக நின்று அதற்கு விறைப்பைக் கொடுக்கும். பைன் பலகைக்கு இதுதான் சரி.

மேசையின் மூட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் வெட்டிய துளைக்குள் இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி அடிக்க வேண்டும். பழைய நிலைகளிலும் இதே மூட்டுதான். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில், வேறு வேறு ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த பழைய வீடுகள் மறுபடி எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். மரவேலையை அப்படிப் பிரித்துச் சேர்க்க இடம் கொடுப்பது இந்தக் கழுந்துதான். இரண்டு உத்திரங்களைப் பக்கம் பக்கமாக வைத்து மேல்பலகை செய்தால் நடுவே அரை அங்குலம் சந்து விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்ந்த மரமும் அகலவாட்டில் உப்பும். அந்தச் சந்து அதற்கு இடம் கொடுக்கும்.

முறுக்கு பார்க்க இரண்டு நேரான குச்சிகள் போதும். மேசையின் இரு முனைகளிலும் குறுக்காக ஒவ்வொன்று வைத்து, குனிந்து, ஒன்றின் விளிம்போடு மற்றதன் விளிம்பை ஒட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் அங்கே இழைக்க வேண்டும். உயரத்துக்கு உங்கள் உடம்பே அளவுகோல். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் சுண்டுவிரல் முட்டி எட்டும் உயரம் கை இழைப்புக்குச் சரி.

மரத்தைப் பிடிக்க விலை உயர்ந்த வைஸ் வேண்டியதில்லை. முக்கால் அங்குல இரும்புக் கம்பியைக் கொல்லரிடம் கொடுத்து, வளைத்து நுனியைத் தட்டையாக்கிக் கொக்கி செய்யச் சொல்லுங்கள். மேசையில் அதைவிடச் சற்றே பெரிய துளை போட்டு அதில் இறக்கி, தலையில் கொட்டாப்புளியால் ஒரு அடி. கம்பி துளைக்குள் சாய்ந்து இறுகும்; அடியில் உள்ள பலகையை அசைக்க முடியாது. பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும்.

அறுப்பது, இழைப்பது, துளைப்பது, கழுந்து எடுப்பது, மட்டம் பார்ப்பது என்று தச்சுக்கலையின் அடிப்படைப் பாடங்கள் எல்லாம் இந்த ஒரே வேலையில் அடங்கிவிடுகின்றன. கற்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டிய பொருள் இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. புத்தகம் பார்த்து மட்டும் செய்யாதீர்கள். ஆலைக் கதவுகளும் பிளைவுட்டும் வந்தபின், கையால் கழுந்து எடுக்கத் தெரிந்த மூத்த தச்சர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், உரிய கூலி கொடுத்து அழையுங்கள். உளியை அவர் பிடிக்கும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பாருங்கள், கேளுங்கள், செய்யுங்கள். மேசை உங்களுக்குக் கிடைக்கும். அவருடைய தொழிலறிவு இன்னொரு கைக்கும் வந்து சேரும்.