நாமும் நாங்களும்: நிறுவனங்களின் சமூகப் பொறுப்பும் வேலை தேடுவோரும்



கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. அவரை விலக்கி நிறுத்துவது ‘நாங்கள்’. மலாய் மொழியிலும் ‘கீத்தா’, ‘காமி’ என இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்திற்கோ ஒரே சொல். ‘நாங்கள் சமூகத்தின்பால் அக்கறை கொண்டவர்கள்’ என ஒரு நிறுவனம் எழுதும்போது, அங்குப் பணியாற்றப்போகும் இளைஞருக்கு அந்த அக்கறையில் இடமுண்டா? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வேலை தேடுபவர் நிறுவனத்தை வெளியிலிருந்தே காண்கிறார். ஆதலின், தெரிவதைக் குறிப்பாகக் கொண்டு தெரியாததை உய்த்துணர்கிறார். வேலைச் சந்தையில் இத்தகைய குறிப்புகள் செயற்படும் முறையைப் பொருளியலறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்டது வேலை தேடுவோரின் கல்வித் தகுதி. டர்பன், கிரீனிங் என்னும் ஆய்வாளர்கள் 1997இல் மறுபக்கத்தைக் காட்டினர். சமூகப் பொறுப்பில் உயர்வாக மதிப்பிடப்பட்ட நிறுவனங்கள், வேலை தேடுவோரை மிகுதியாக ஈர்த்தன. ஊருக்கு நல்லது செய்பவர் நமக்கும் செய்வார் என்னும் நம்பிக்கையும் இதற்கு ஒரு காரணம்.

ஆயினும், எல்லாரும் காட்டும் குறிப்பு எவரையும் வேறுபடுத்தாது. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை, பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் நீடித்த நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும் என 2016இல் விதித்தது. அறிக்கைகள் பெருகியபின், அவற்றைக் கூர்ந்து படிக்கும் திறனே நமக்குத் தேவை.

என் முன்னாள் மாணவி ஒருவர் நேர்முகத் தேர்வில், “இக்கட்டடத்தைத் துப்புரவு செய்பவர்கள் எங்கு அமர்ந்து உணவு உண்பார்கள்?” என்று கேட்டாராம். மரம் நடும் திட்டத்தைப் பற்றி ‘நாங்கள்’ எனப் பெருமிதத்துடன் பேசிய அதிகாரி, “அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்” என்றாராம். தன்மை படர்க்கையாக மாறிய அந்த நொடியில், மாணவி தம் விடையைப் பெற்றுவிட்டார். அவ்வேலையை அவர் ஏற்கவில்லை. குடும்பச் சுமை உடையவருக்கு அவ்வாறு மறுப்பது எளிதன்று என்பதையும் நான் அறிவேன்.

மாணவர்களே, மரம் நடுதல் நன்றே. ஆனால் அறிக்கையைப் படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள்: செய்தவர் யார், செலவு எவ்வளவு, உள்ளே உழைப்பவருக்குக் கிடைத்தது என்ன? வேலையை மறுக்க இயலாதோரும் இவற்றைக் கேட்கலாம். கேட்கும் உரிமை நம் அனைவர்க்கும் பொது.