அம்மன் அல்ல, நிலக்கரிக் கல்!

(திருவொற்றியூரில் மீனவத் தோழர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



நான் இன்று ஒரு கல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்ற மாதம் எண்ணூர்ப் பக்கத்துக் கரையில் ஒரு சிறுவன் உள்ளங்கை அகலத்தில் கறுப்புக் கல் ஒன்றைக் கண்டெடுத்தான். அதிலே நடு நரம்போடு ஓர் இலையின் அச்சுப் பதிந்திருந்தது. பையன் அதை ஆசையாய் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பெரியவர்கள் பார்த்து, "வேப்பிலை! ஆத்தா வந்திருக்கிறாள்" என்றார்கள். மறுநாள் கல்லுக்கு மஞ்சள் துணி, அதற்கடுத்த நாள் உண்டியல். பிறகு, உடம்பெல்லாம் கொப்புளம் கண்டு காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அந்தக் கல்லின் முன்னே கிடத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மூச்சு வாங்கத் தொடங்கியதும் வாலிபர்கள் சிலர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்தினால் குழந்தை பிழைத்தது. பெருமையோ கல்லுக்குப் போயிற்று!

தோழர்களே, அந்தத் தாயை நான் பரிகசிக்க வரவில்லை. பயந்துபோன தாய் எதையும் பற்றிக்கொள்வாள். அந்தப் பயத்துக்குப் பக்கத்திலே உண்டியல் வைத்தவனைத்தான் கேட்கிறேன்: அது வேப்பிலைதானா என்று ஒரு தரமாவது உற்றுப் பார்த்தாயா?

நான் போய்ப் பார்த்தேன். வேப்பிலையின் ஓரம் அரம்போல் பல் பல்லாக இருக்கும். இதன் ஓரமோ மழமழவென்று இருக்கிறது. நரம்புகள் வலைக்கண் மாதிரி பின்னிக் கிடக்கின்றன. இலை நாக்கு வடிவத்தில் இருக்கிறது. கல்லும் சாதாரணக் கருங்கல் அல்ல. ஏடு ஏடாகப் பிரிகிறது, ஊசியால் கீறினால் கீறல் விழுகிறது, ஓரத்தில் நிலக்கரி ஒட்டியிருக்கிறது. இப்பொழுது, "உன்னை இங்கே கொண்டுவந்தது யார்?" என்று கல்லைக் கேளுங்கள். பதில் நம் கண்ணெதிரேயே இருக்கிறது. 2001-ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டதே மின்சார நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகத்தான். ஒடிசாவின் தால்சர் சுரங்கக் கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி இங்கே வருகிறது. அந்தக் கரியோடு சேர்ந்து வரும் களிப்பாறையில் இப்படிப்பட்ட இலையச்சுகள் உண்டு.

இந்த இலைக்குப் பெயர் குளோசாப்டெரிஸ். கிரேக்க மொழியில் நாக்குப் பெரணி என்று பொருள். 1828-இல் பிராங்நியார் என்ற பிரெஞ்சு அறிஞர் இட்ட பெயர். 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சேற்றில் விழுந்து அமுங்கிக் கல்லாய்ப் போன இலை! அன்றைக்கு வேப்பமரமும் இல்லை, மனிதனும் இல்லை, அவன் கும்பிடும் அம்மனும் இல்லை.

1912-இல் தென்துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் பனியில் மடிந்த ஸ்காட் கூட்டத்தார், சாகும் வரையில் கீழே போடாமல் இழுத்து வந்த சுமார் 16 கிலோ கற்களிலும் இதே இலைதான் இருந்தது. பனிக்கட்டி மூடிய அந்தக் கண்டமும் நம் நாடும் ஒரு காலத்தில் ஒரே நிலப்பரப்பாய் இருந்தன என்பதற்கு இந்த இலை ஒரு சாட்சி. அப்பேர்ப்பட்ட சாட்சியைத்தான் நாம் மஞ்சள் துணியால் வாயைக் கட்டி வைத்திருக்கிறோம்!

நம் கரையில் கிடக்கிற விநோதக் கற்களெல்லாம் இப்படித்தான். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கிடக்கும் பாறைகளைக் கடல் பெற்றுப் போடவில்லை. சென்னைத் துறைமுகச் சுவர் மணலைத் தடுத்ததால் வடக்கே கரை அரித்தது. அதைத் தடுக்க மனிதன் லாரியில் ஏற்றிவந்து கொட்டிய பாறைகள் அவை. வெயிலில் இளகுகிற கறுப்பு உருண்டை கப்பல் எண்ணெயின் தார். 2017 ஜனவரி 28-இல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அதை வாளியில் அள்ளியவர்கள் நீங்கள் அறியாததா? குமிழி குமிழியாய்ப் பொத்தலிட்ட கனத்த கட்டி பெரும்பாலும் உலைக் கசடாக இருக்கும். வெள்ளைக் கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. சிப்பியாகவோ பவளமாகவோ இருக்கலாம். கண்ணும், ஊசியும், ஒரு மூடி எலுமிச்சம்பழமும் போதும், பூசாரி தேவையில்லை.

நான் சொல்லுகிறேன் என்பதற்காக இதை நம்பவேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் கல்லான மரங்களும் தொல்லுயிர் எச்சங்களும் இருக்கின்றன. கல்லை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். விஷயம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். நான் சொன்னது பிசகானால் அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் ஏறி என்னைக் கண்டியுங்கள்.

முடிவாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கல் அதைக் கண்டெடுத்த பையனுடையது. துணியை அவிழ்த்து அவன் கையிலே கொடுங்கள். அவன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகட்டும். உண்டியலில் விழுந்த காசை அந்தக் குழந்தையின் மருந்துச் செலவுக்குக் கொடுங்கள். இனி எந்தக் குழந்தைக்குக் கொப்புளம் கண்டாலும், முதல் நாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.